ஜெர்மனியில் ஃபீஸ் இல்லை, ஆனால் பன்னிரண்டு லட்சம் வேண்டும்

ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்று கேள்விப்பட்டுத்தான் எனக்கு அந்த ஆசையே வந்தது. அது பொய்யில்லை. அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் முதுகலைக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. செமஸ்டருக்குச் சில நூறு யூரோ கட்டினால் போதும், பல ஊர்களில் பஸ், ரயில் பாஸும் அதிலேயே வந்துவிடும். ஆனால் விசா கேட்கும்போது ஒரு வருடச் செலவுக்கான பணத்தை 'பிளாக்டு அக்கவுண்ட்' என்ற முடக்கக் கணக்கில் முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். 2025-ல் நான் விண்ணப்பித்தபோது அந்தத் தொகை 11,904 யூரோ. அங்கே போனபிறகு மாதம் 992 யூரோ வீதம் நமக்கே திரும்பி வரும். நம் பணம்தான், ஆனால் முதலில் அது கையில் இருக்க வேண்டுமே.

எங்கள் ஊர் வேடசந்தூர் பக்கம். அப்பா நூற்பாலையில் ஷிப்ட் வேலை. நான் பி.இ. முடித்து ஓசூரில் வேலை பார்த்துச் சேர்த்ததெல்லாம் விண்ணப்பச் செலவுக்கே சரியாகப் போனது. இந்திய மாணவர்களின் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஏபிஎஸ் சான்றுக்கு 18,000 ரூபாய், ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வுக்குக் கிட்டத்தட்ட அதே அளவு. பல பல்கலைக்கழகங்களுக்கான விண்ணப்பங்களை வாங்கிச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் வழியாக விண்ணப்பித்தால் முதல் பல்கலைக்கழகத்துக்கு 75 யூரோ, அடுத்தடுத்து ஒவ்வொன்றுக்கும் 30.

ஆரம்பத்தில் ஒரு கன்சல்டன்சிக்குப் போயிருந்தேன். இலவச ஆலோசனை என்றார்கள். போய் உட்கார்ந்ததும் வருடத்துக்குப் பத்தாயிரம் யூரோவுக்கு மேல் கட்டணம் கேட்கும் தனியார் கல்லூரிகளையே காட்டினார்கள். அந்தக் கல்லூரிகள் தரும் கமிஷனில்தான் ஆலோசனை இலவசமாகிறது. பணம் இல்லாத வீட்டுப் பிள்ளையிடம் இதைச் செய்வது அநியாயம். ஜெர்மன் அரசு நிதியில் இயங்கும் 'டாட்' (DAAD) அமைப்பின் இணையதளத்தில் ஆங்கிலவழிப் படிப்புகள் கட்டண விவரத்தோடு இருக்கின்றன. அதைப் பார்த்து நானே தேர்ந்தெடுத்தேன். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்ற வெளிநாட்டவருக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணம் உண்டு. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் வாங்குகிறது. இரண்டையும் தள்ளிவிட்டேன். மே மாதம் ஸீகன் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது.

அப்புறம்தான் வங்கி. கல்விக் கடன் ஏழரை லட்சம் வரை பிணை இல்லாமல் கிடைக்கும், அதற்கு மேல் போனால் சொத்து காட்ட வேண்டும். அப்பா ரொம்ப நம்பிக்கையோடு இரண்டு ஏக்கர் புஞ்சையின் பட்டாவை எடுத்து வந்தார். மேலாளர் பார்த்துவிட்டு, "தம்பி, விவசாய நிலம் வேணாம். வீடு, மனை ஏதாவது இருக்கா?" என்றார். 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி, கடன் திரும்ப வராவிட்டால் வங்கி நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்தை ஏலம் விடலாம். விவசாய நிலத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அதனால்தான் அதை வாங்கத் தயங்குகிறார்கள். அன்று வீடு திரும்பும்வரை அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. ஆயுசு முழுக்கப் பாடுபட்டு அவர் காப்பாற்றிய ஒரே சொத்து அந்த நிலம்.

வீடு இருந்தது, ஆனால் தாத்தா பெயரில். தாத்தாவும் பாட்டியும் இறந்துவிட்டார்கள், சொத்தைப் பிரித்து எழுதவே இல்லை. எனவே முதலில் வாரிசுச் சான்று வாங்கினோம். பிறகு பழனியிலும் திருப்பூரிலும் இருக்கும் இரண்டு அத்தைகளும் தங்கள் பங்கை அப்பாவுக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுத வேண்டும். கேட்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. பெரிய அத்தை சார்பதிவாளர் அலுவலகத்தில் கைரேகை வைத்துவிட்டு, "நல்லாப் படிச்சுட்டு வா சாமி, வீடு எங்க போகுது" என்றார். மாமா இறந்தபின் தையல் தைத்துப் பிள்ளைகளை வளர்த்தவர் அவர். அந்தப் பங்கை விற்றிருந்தால் அவருக்கு எவ்வளவோ உதவியிருக்கும்.

அதற்குப் பிறகு 30 வருட வில்லங்கச் சான்று, வங்கி வக்கீலின் லீகல் ஒப்பினியன், இன்ஜினியரின் மதிப்பீடு, கடைசியில் பத்திரத்தை ஒப்படைத்து எம்ஓடி என்ற அடமானப் பதிவு. எல்லாம் வரிசையாகத்தான் நடக்கும், ஒன்று முடியாமல் அடுத்தது நகராது.

இதற்கிடையே யூரோ ஏறிக்கொண்டிருந்தது. வருடத் தொடக்கத்தில் 90 ரூபாய்க்குப் பக்கத்தில் இருந்தது, ஜூலையில் நூறைத் தொட்டது. அதே 11,904 யூரோவுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் கூடுதலாகத் தேவைப்பட்டது. அம்மா தன் மூன்று பவுன் சங்கிலியைக் கழற்றி நகைக்கடனுக்குக் கொடுத்தார். வேறு வழி இருந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டேன்.

கடன் பாஸான பிறகும் ஒரு முட்டுக்கட்டை. விசா வந்தால்தான் பணம் விடுவிப்போம் என்றது வங்கி. முடக்கக் கணக்கில் பணம் இருந்தால்தான் விசா விண்ணப்பமே முழுமையாகும். தூதரகத்தின் ஆவணப் பட்டியலையும், விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்ப வந்துவிடும் என்ற, முடக்கக் கணக்கை நடத்தும் நிறுவனத்தின் விதியையும் அச்செடுத்து மேலாளர் முன் வைத்தேன். அவர் மண்டல அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டார். அனுமதி வந்ததும் அந்த வாரமே பணம் போனது. கல்விக் கடனிலிருந்து அனுப்பும் பணத்துக்கு டிசிஎஸ் வரிப் பிடித்தம் 2025 ஏப்ரல் முதல் இல்லை என்பது ஒரு சின்ன ஆறுதல்.

இப்போது ஸீகனில் இருக்கிறேன். 992 யூரோவில் மருத்துவக் காப்பீட்டுக்கு மட்டும் மாதம் 140-க்கு மேல் போகிறது, அறை வாடகை தனி. மாணவர்கள் வருடத்துக்கு 140 முழுநாள் வேலை செய்யலாம். அந்தச் சம்பளத்தில் மாதாமாதம் கடன் வட்டியைக் கட்டிவிடுகிறேன். படிக்கும் காலத்திலேயே வட்டி கட்டினால் எங்கள் வங்கி ஒரு சதவீதம் குறைக்கிறது. முதலில் மீட்க வேண்டியது அம்மாவின் சங்கிலி.

கிளம்பும் எண்ணம் இருப்பவர்கள் அட்மிஷன் வரட்டும் என்று காத்திருக்காமல், இப்போதே வீட்டுப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் வில்லங்கத்தை இலவசமாகவே பார்க்கலாம். தாத்தா, பாட்டி பெயரில் இருந்தால் அத்தை, சித்தப்பாக்களிடம் இந்தப் பொங்கலுக்கே பேசிவிடுங்கள்.