நசுங்கிய காலுக்கான சிகிச்சை: உடனிருந்து கண்டவை

திருப்பூர் அருகே பழைய கட்டடம் ஒன்றை இடிக்கும் வேலையில் இருந்தபோது, சரிந்து விழுந்த கான்கிரீட் தளத்தின் அடியில் என் அண்ணனின் இடது கால் தொடைவரை சிக்கிப் பல மணி நேரம் நசுங்கிக் கிடந்தது. அவர் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தார். கால் மரத்துவிட்டதால் வலிகூட அதிகமில்லை என்றார். ஜாக்கி வைத்துத் தளத்தைத் தூக்க ஆட்கள் தயாரானபோது, 108 ஆம்புலன்ஸில் வந்த மருத்துவ உதவியாளர் அவர்களைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, இடிபாட்டுக்குள் குனிந்து அண்ணனின் கையில் ஊசி ஏற்றி, நார்மல் சலைனை வேகமாக ஓடவிட்டார். ஆளை வெளியே எடுக்காமல் டிரிப்ஸ் எதற்கு என்று சுற்றி நின்றவர்கள் சத்தம் போட்டார்கள்.

அதன் காரணத்தைச் சிறுநீரக மருத்துவர் பின்னர் விளக்கினார். நசுங்கிய தசையிலிருந்து வெளியேறும் பொட்டாசியமும் அமிலமும் மயோகுளோபின் என்னும் புரதமும் பாரம் அழுத்தும்வரை காலிலேயே பெரும்பாலும் தேங்கியிருக்கும். பாரம் நீங்கி இரத்தம் ஓடத் தொடங்கியதும் உடலெங்கும் பாயும். பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். மயோகுளோபின் சிறுநீரக நுண்குழாய்களைச் சிதைக்கும். இரண்டாம் உலகப் போரில் லண்டன் இடிபாடுகளிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டவர்கள் சில நாட்களில் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததை, பைவாட்டர்ஸ், பீல் என்ற இரு மருத்துவர்கள் 1941இல் பதிவுசெய்தார்கள் என்பதையும் அவர்தான் சொன்னார்.

அவசரப் பிரிவில் எடுத்த இசிஜியில், பொட்டாசியம் ஏறியதன் அடையாளமாக அலைகள் கூர்ந்து உயர்ந்திருந்தன. உடனே கால்சியம் குளுக்கோனேட் ஊசியை மெதுவாகச் செலுத்தினார்கள். அது பொட்டாசியத்தைக் குறைப்பதில்லை, இதயத்துக்குச் சிறிது நேரம் காப்பளிப்பது மட்டுமே. அடுத்து குளுக்கோஸுடன் இன்சுலின் கொடுத்தபோது, சர்க்கரை நோயே இல்லாதவருக்கு இது எதற்கு என்று அண்ணி பதறிப்போனார். இன்சுலின் பொட்டாசியத்தைச் செல்களுக்குள் தள்ளுமாம். ஆனால் அந்தப் பலன் சில மணி நேரமே நிற்கும் என்பதால், அதேபோலப் பொட்டாசியத்தைச் செல்களுக்குள் தள்ளும் சால்பூட்டமாலையும் மாஸ்க் வழியாகக் கொடுத்துக்கொண்டே டயாலிசிஸுக்கு ஏற்பாடு செய்தார்கள்.

நாங்கள் அண்ணனின் காலையே பார்த்துக்கொண்டிருக்க, செவிலியர்கள் சிறுநீர்ப் பையை அளந்துகொண்டிருந்தார்கள். மணிக்கு 200 மி.லி.க்கு மேல் போக வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். வந்ததோ பால் சேர்க்காத தேநீர்போலக் கறுத்துச் சிறிதளவே. சிறுநீர் போகாதவருக்குத் தொடர்ந்து சலைன் ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துவிடும் என்பதால் அதைக் குறைத்தார்கள். சிறுநீரைப் பெருக்கும் மானிட்டால் மருந்தையும் அதே காரணத்தால் தவிர்த்துவிட்டு டயாலிசிஸைத் தொடங்கினார்கள்.

இதற்கிடையே, இரத்தம் திரும்பிய கால் வீங்கிக் கல்லாக இறுகியது. விரலை லேசாக அசைத்தாலே அலறினார். உள்ளே அழுத்தம் ஏறித் தசை மேலும் சாகாதிருக்க, தசையுறையை நீளவாக்கில் கீறித் திறந்துவிட்டார்கள். திரும்பி வரும் இரத்தமே செய்யும் இந்தச் சேதத்தைத் தடுக்க மருந்து இல்லையா என்று கேட்டேன். அல்லோபியூரினால், ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு மருந்துகள் போன்றவற்றை ஆய்வு செய்திருக்கிறார்கள், ஆனால் வழக்கமாகக் கொடுக்கும் அளவுக்கு மனிதர்களிடம் எதுவும் நிரூபணமாகவில்லை என்று மருத்துவர் மறைக்காமல் சொன்னார். விலை உயர்ந்த ஊசி ஏதாவது எழுதித் தந்திருந்தால் அன்று நாங்கள் கடன் வாங்கியாவது வாங்கியிருப்போம் என்பதால், அந்த நேர்மையை இன்றும் மதிக்கிறேன்.

கொடுக்கக் கூடாதவற்றின் பட்டியலும் நீண்டது. சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய டைக்ளோஃபெனாக் போன்ற வலி மருந்துகள், ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக், சாய ஊசி போட்டு எடுக்கும் ஸ்கேன், பொட்டாசியம் கலந்த ரிங்கர் லாக்டேட் ஆகியவற்றைத் தவிர்த்தார்கள். அத்தை ஆசையாக வெட்டிக் கொண்டுவந்த இளநீரைச் செவிலியர் வாசலிலேயே தடுத்துவிட்டார். அதிலும் பொட்டாசியம் மிகுதி. இரத்தத்தில் கால்சியம் குறைந்திருப்பதாக அறிக்கை வந்தபோதும், இசிஜி சீராக இருந்ததால் அதை ஈடுசெய்யவில்லை. ஏற்றும் கால்சியம் சிதைந்த தசையில் படிந்து, குணமாகும் காலத்தில் அளவுக்கு மீறி இரத்தத்துக்குத் திரும்பிவிடுமாம்.

சிறுநீர் மீண்டும் வரத் தொடங்கியபோது பெருக்கெடுத்து வந்தது. வெளியேறியதை அளந்து, அதற்கேற்ப உப்பும் நீரும் ஈடுசெய்தார்கள். தசைச் சிதைவைக் காட்டும் சிகே அளவும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் இறங்கிய பின் டயாலிசிஸை நிறுத்தி, திறந்த காயத்துக்குத் தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். பாதத்தை மேலே தூக்க முடியாததால் தாங்கி அணிந்து பிசியோதெரபிக்குச் செல்கிறார். வலி வந்தால் பாராசிட்டமால் மட்டுமே. கடையில் சொல்லி வாங்கும் வேறெந்த வலி மாத்திரையும் கூடாது என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருக்கிறார்கள்.