ஒரே வட்டாரத்தில் வீடு தேடுவது

பகலில் அலுவலகம், மாலையில் வீடு பார்ப்பது. கோலாலம்பூரில் வாடகைக்கு விட ஒரு வீடு வாங்க நினைக்கும் நம் ஆட்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான். இதில் பணத்தைவிடச் சீக்கிரம் தீர்ந்துபோவது நேரம். வேலை முடிந்து ஜாலான் அம்பாங்கிலிருந்து காஜாங் போய் ஒரு வீட்டைப் பார்த்துத் திரும்பினால் அந்த மாலையே போய்விடும். அதனால் முதலிலேயே வட்டாரத்தைச் சுருக்கிக்கொண்டேன். நகருக்குள்ளேயே இருக்கும் செத்தாபாக், வங்சா மாஜு, அவ்வளவுதான். செமினியில் புது வீடு, பூச்சோங்கில் மலிவு என்று நண்பர்கள் ஆசை காட்டினாலும் போகவில்லை.

இந்த வட்டாரத்தில் கிளானா ஜெயா எல்ஆர்டி ரயில் ஓடுகிறது. துங்கு அப்துல் ரஹ்மான் மேலாண்மை, தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகம் இருப்பதால் அறை தேடும் மாணவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். ஒரே இடத்தைச் சுற்றிவந்தால், எந்த அடுக்ககத்தில் கார் நிறுத்தச் சண்டை, எந்தக் கட்டடத்தில் ஒரே நேரத்தில் பல வீடுகள் விற்பனைக்கு வருகின்றன என்பதெல்லாம் தானாக மனத்தில் பதிகிறது. விளம்பர விலையை நான் நம்புவதில்லை. அரசின் சொத்துத் தகவல் மையமான நாப்பிக் வெளியிடும் பதிவான விற்பனை விலைகளை ஒரு பார்வை பார்த்தால், அந்தக் கட்டடத்தில் வீடுகள் உண்மையில் என்ன விலைக்குக் கைமாறுகின்றன என்று தெரிந்துவிடும்.

கணக்குப் போடாமல் நான் எந்த வீட்டையும் பார்க்கக் கிளம்புவதில்லை. 350,000 ரிங்கிட் விலையில் 850 சதுர அடி வீடு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். 90 விழுக்காடு கடன், 4 விழுக்காடு வட்டி, 35 ஆண்டுத் தவணை என்றால் மாதம் ஏறக்குறைய 1,395 ரிங்கிட் கட்ட வேண்டும். பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கு 30 காசு என்றால் 255. அதற்கு மேல், அதில் பத்து விழுக்காடு அளவு பெரிய பழுதுகளுக்கான சேமநிதிக்கு. ஆக மொத்தம் 1,675க்கு மேல் போகிறது. மதிப்பீட்டு வரி, காப்புறுதி, பழுது பார்ப்பு எல்லாம் இன்னும் சேரவில்லை. வாடகை 1,600 கிடைக்கும் என்று ஏஜென்ட் சொன்னாலும், ஆண்டுக்கு ஒரு மாதம் காலியாகக் கிடக்கும் என்று எடுத்துக்கொண்டால் சராசரி 1,467தான். ஐந்து நிமிடத்தில் பதில் வந்துவிட்டது, இந்த வீடு வேண்டாம். பெட்ரோலும் மிச்சம், மாலையும் மிச்சம்.

கைக்காசையும் இதே தாளில் எழுத வேண்டும். முன்பணம் 35,000. உரிமை மாற்ற முத்திரை வரி முதல் 100,000க்கு 1 விழுக்காடு, அடுத்த 400,000க்கு 2 விழுக்காடு, இந்த விலைக்கு 6,000 ரிங்கிட். கடன் ஒப்பந்தத்துக்கு அரை விழுக்காடு, அதாவது 1,575. வழக்கறிஞர் கட்டணம் தனி. மூன்றாவது வீட்டுக் கடனிலிருந்து வங்கி 70 விழுக்காடுதான் தரும் என்பதையும் இப்போதே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கணக்கில் தேறிய வீடுகளுக்கு மட்டும் நேரில் போகிறேன். அங்கே நேரத்தைச் சுருக்கவே மாட்டேன். வீட்டுக்குள் பத்து நிமிடம் போதும். வெளியேதான் நிறைய வேலை இருக்கிறது. நிர்வாக அலுவலகத்தில், எத்தனை பேர் கட்டணம் பாக்கி வைத்திருக்கிறார்கள், சேமநிதியில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பேன். கட்டணம் கட்டாதவர்கள் கூடினால் லிஃப்ட் பழுதாகிக் கிடக்கும், சுவருக்குச் சாயம் அடிக்க ஆள் வராது, கடைசியில் வாடகையும் இறங்கும். இரவு ஒன்பது மணிக்கு மறுபடி போய் வாசலில் நிற்கும் நேப்பாளிக் காவலாளியிடம் மலாயில், "லிஃப்ட் அடிக்கடி ரோசாக்கா, பாங்?" (அடிக்கடி பழுதாகிறதா, அண்ணா?) என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்லிவிடுவார். எனக்கு அவர் பேச்சில் பெரிய மரியாதை உண்டு.

ஏஜென்ட் விஷயத்தில் ஒன்றே ஒன்றுதான். பதிவு எண் உள்ள அட்டை கழுத்தில் இருக்க வேண்டும். முன்பணம் நிறுவனத்தின் கணக்குக்குத்தான் போக வேண்டும், தனி ஆள் கணக்குக்குப் போகக் கூடாது. ஏலத்தில், லெலோங்கில், மலிவாகக் கிடைப்பதைத் தொடக்கத்திலேயே தொட வேண்டாம் என்பேன். வீடு இருக்கிறபடியேதான் கிடைக்கும். உள்ளே ஆள் குடியிருந்தால் வெளியேற்றும் செலவும் அலைச்சலும் நம் தலையில். வேலைக்குப் போகிறவருக்கு அதற்கெல்லாம் மாலைகள் பத்தாது.

வாங்கிய பிறகும் வட்டாரத்தைச் சுருக்கியது உதவுகிறது. மூன்று ஆண்டுக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு சொத்து ஆதாய வரி. நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15. ஆறாம் ஆண்டிலிருந்துதான் குடிமக்களுக்கு அந்த வரி இல்லை. ஆக, குறைந்தது அதுவரை வீட்டை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். குழாய் ஒழுகுகிறது என்று வாடகைக்கு இருக்கும் தம்பி கூப்பிட்டால், அதே தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், இருக்கும் பிளம்பர் அண்ணனிடம் சொல்லிவிடுகிறேன். அவர் போய்ப் பார்த்துப் படம் அனுப்புகிறார், நான் அலுவலகத்திலிருந்தே பணம் அனுப்பிவிடுகிறேன்.