கறுப்புப் புகையும் சவர்க்கார நுரையும்

கிளிநொச்சியில் எங்கள் கராஜுக்கு வருவது பெரும்பாலும் லாண்ட்மாஸ்டரும் ஓட்டோவும் நெல் ஏற்றும் சின்ன லொறிகளும்தான். அதனால் ஒரு பழைய சுபாரு இம்பிரெசா டர்போ புகை கக்கிக்கொண்டு உள்ளே வந்தபோது, பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள்கூட எழும்பி வந்துவிட்டார்கள்.

“அண்ணை, லீற்றருக்கு 5 கிலோமீற்றரும் ஓடுதில்லை. கியர் மாத்தேக்க பின்னால ஒரே கறுப்பு” என்றான் பெடியன்.

பிளக்குகளைக் கழற்றினேன். ஜாம்போத்தல் விளக்கின் மூடி மாதிரி, நாலிலும் ஒரே கரி. பெற்றோல் கூடுகிறது என்பது மூக்குக்கே தெரிந்தது. அதற்கு முதல் பார்த்த யாரோ பெற்றோல் அமுக்கத்தைக் குறைத்து வைத்திருந்தார்கள். அந்த அமுக்கத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றரின் வெற்றிடக் குழாயைக் கழற்றிவிட்டு கேஜைப் பார்த்தால் 2.4 பார். 3 பார் அளவில் இருக்க வேண்டியது. நான் திரும்ப 3க்கு ஏற்றினேன். புகை இன்னும் கூடியது. பெடியனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

எனக்குத் தொழில் பழக்கிய அண்ணை இப்போது மாங்குளத்தில் ஓய்வாக இருக்கிறார். பொருளாதாரத் தடைக் காலத்தில், சூப்பிப் போத்தலால் நாலு சொட்டுப் பெற்றோல் அடித்து மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓட வைத்த தலைமுறை. போன் எடுத்துச் சொன்னேன். “பெற்றோலை விடடா, காத்து எங்க போகுதெண்டு பார்” என்றார். இஞ்சினின் கொம்பியூட்டரான ஈசியூ பற்றி அவருக்கு அக்கறையே இல்லை. ஆனால் சொன்னது சரி.

இந்தக் காரில் ஏர் பில்டருக்குப் பக்கத்தில் உள்ள சென்சர் உள்ளே போகும் காற்றை அளக்கும். பிறகு டர்போ அதை அமுக்கி இஞ்சினுக்குள் தள்ளும். சென்சர் சொன்ன கணக்குக்கு ஈசியூ பெற்றோல் ஊற்றும். அளந்த காற்று இடையில் வெளியே போனால் ஈசியூவுக்கு எப்படித் தெரியும்? நூறு பேருக்கு உலை வைத்து எண்பது பேர் பந்தியில் இருந்தால் சோறு மிஞ்சும்தானே.

முதல் ஓட்டை கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. ‘புஸ்ஸ்’ என்று சத்தம் வர வேண்டும் என்பதற்காகப் பெடியன் போட்ட வால்வு. கியர் மாற்ற மிதியை விடும்போது மிஞ்சும் காற்றைக் கம்பனி வால்வு திரும்ப டர்போவின் வாய்க்கே அனுப்பும். இது வெளியே ஊதிவிடும். கியர் மாற்றும்போது வந்த புகைக்கு அதுதான் காரணம். நல்லவேளை, பழையதை வீட்டில் வைத்திருந்தான்.

ஆனால் அக்சிலேற்றரை மிதிக்கும்போது வந்த புகை நிற்கவில்லை. புகையை வைத்துக் காற்று-பெற்றோல் கலவையைக் காட்டும் வைட்பேண்ட் மீற்றரில் ஒரு பங்கு பெற்றோலுக்குக் காற்று 10.1 பங்குதான். பிவிசி குழாய் மூடியில் ரயர் வால்வு ஒன்றைப் பொருத்தி, டர்போவின் வாயை அடைத்து, கொம்பிரசரால் மெல்லக் காற்று விட்டேன். சவர்க்காரத் தண்ணி அடித்துக்கொண்டே போக, டர்போக் காற்றைக் குளிராக்கும் இன்டர்கூலரிலிருந்து இஞ்சின் வாசலில் உள்ள துரொட்டிலுக்குப் போகும் ரப்பர்க் குழாயின் அடியில் நுரை குமிழ் குமிழாகப் பொங்கியது. மேலிருந்து பார்த்தால் தெரியாத ஒரு வெடிப்பு.

ரப்பரை மாற்றி ஏ9இல் முறிகண்டி வரை ஓடினோம். மெல்ல ஓடும்போது 14.7, மிதித்தால் 11.3. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்த பெடியன், “அண்ணை, மிதிக்கேக்கையும் 14.7க்குக் கொண்டு வந்தா இன்னும் மிச்சம் பிடிக்கலாமே” என்றான்.

கொண்டு வரலாம், பிறகு பிஸ்டன் உருகும். டர்போ அழுத்தும்போது அந்தக் கூடுதல் பெற்றோல் உள்ளே ஆவியாகிச் சூட்டைத் தணிக்கிறது. 92 ஒக்ரேன் பெற்றோலில், வன்னியின் மத்தியான வெயிலில், அதில் கை வைக்க நான் தயாரில்லை. சொன்னேன், தலையாட்டினான்.

திரும்பி வரும்போது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் மெதுவாகக் கேட்டான்: “அண்ணை, அடுத்த மாசம் அக்கான்ர கலியாணம். அண்டைக்கு மட்டும் அந்தச் சத்த வால்வைப் போடேலாதோ?”