24-ஆ, 28-ஆ? அப்பாவின் புல்லட்டுக்கு கார்புரேட்டர் தேடிய கதை

சிலிண்டரைக் கடையும் ரீபோர் முடிந்து, புது பிஸ்டன் ஏறி, அப்பாவின் 1992 மாடல் புல்லட் 350 ஒருவழியாகக் கிளம்பிவிட்டது. ஆக்ஸிலேட்டர் இல்லாமல் ஓடும் ஸ்லோதான் நிற்கவில்லை. ஐந்து ரோடு சிக்னலில் கையை விட்டால் ஆஃப். பாயின்ட், டேப்பட் எல்லாம் பார்த்தாச்சு. கடைசியில் மெக்கானிக் அண்ணன் காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் பழைய 24 மி.மீ. மிக்கார்ப் கார்புரேட்டரைக் கழற்றி, காற்று வழியைத் திறந்து மூடும் ஸ்லைடை உள்ளே விட்டு ஆட்டிக் காட்டினார். கிலுகிலுப்பை மாதிரி சத்தம். ஸ்லைடில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பளபளவென்று இருந்தது.

"ஸ்லைடு மட்டும் மாத்துனா ஆகாதுங்க தம்பி. பாடியே தேஞ்சிருச்சு, ஓரத்துல காத்து இழுக்குது."

சரி, மாற்றுவதுதான் மாற்றுகிறோம், புல்லட் 500-க்கு வந்த 28 மி.மீ. துவாரமுள்ள கார்பையே போட்டால் என்ன என்று ஆசை. அண்ணன் சிரித்தாரே தவிர வேண்டாம் என்று சொல்லவில்லை. நண்பனிடம் ஒன்று இரவல் வாங்கி, கார்பை இன்ஜினோடு இணைக்கும் மேனிஃபோல்டை ஒப்பேற்றி மாட்டினோம். ஓமலூர் ரோட்டில் பிரமாதம். முழுசாக முறுக்கினால் வண்டி இன்னும் கேட்கிறது.

ஏற்காடு மலையில்தான் சாயம் வெளுத்தது. மூன்றாவது கொண்டை ஊசியில் இரண்டாவது கியரில் திரும்பி ஆக்ஸிலேட்டரைத் திறந்தால், ஒரு நொடி மூச்சடைத்து, பிறகுதான் இழுக்கிறது. 346 சிசி இன்ஜின் குறைந்த ஆர்பிஎம்மில் உறிஞ்சும் காற்றுக்கு அந்தத் துவாரம் அகலம் ஜாஸ்தி. காற்றின் வேகம் குறைந்தால் ஜெட் என்கிற சின்னத் துளையிலிருந்து பெட்ரோல் ஒழுங்காக மேலே வராது. இருபது கொண்டை ஊசியிலும் இதே கதை. இறங்கியதும் முதல் வேலையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

புது விஎம்24, அதாவது பழையபடி 24 மி.மீ. கார்பே வாங்கினேன். உள்ளே மெயின் ஜெட் 90; நம்பர் ஏற ஏற பெட்ரோல் அதிகம். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதே ஜெட்டில் கலவை லீனாகிவிடும், அதாவது காற்றுக்கு ஏற்ற எரிபொருள் போதாது. அதனால் 95 போட்டோம். முக்கால் த்ராட்டிலில் ஓட்டி, கிளட்ச்சைப் பிடித்து இன்ஜினை நிறுத்தி, பிளக்கைக் கழற்றினால் நல்ல டிகாஷன் நிறம். அன்று மத்தியானம் பிரியாணி என் செலவு.

மறுபடியும் மலை. இந்த முறை ஒவ்வொரு வளைவிலும் கேட்டதும் இழுத்தது. ஆனால் ஏரிக்கரையில் நிறுத்தினால் ஸ்லோ குமுறுகிறது, பிளக்கில் கரி. ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். காற்று மெலிசு, பெட்ரோல் அதே அளவு. நடு த்ராட்டிலில் பெட்ரோல் அளவை மாற்றும் நீடில் கிளிப்பைத் தொடவில்லை, வண்டி ஓடுவது பெரும்பாலும் சேலத்தில்தானே. ஸ்லோவுக்குக் காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூவை மட்டும் அரைச் சுற்று வெளியே எடுத்தேன், ஸ்லோ நின்றது.

அதைத் திருப்பி வைக்க மறந்தே போனேன். ஆக்ஸிலேட்டரை மூடி கியரில் மலை இறங்க இறங்க, கலவை லீனாகி, சைலன்சரில் பட்பட்டென்று வெடி. ஒரு வளைவில் குரங்குக் கூட்டமே சிதறி ஓடியது. அடிவாரத்தில் டீக்கடை ஓரம் நிறுத்தி, ஸ்க்ரூவை அரைச் சுற்று உள்ளே திருப்பிய பிறகுதான் சத்தம் அடங்கியது.