பார்க்கலாமுங்க தம்பி

தராசு ரிப்பேர் செய்யும் அந்தப் பெரியவர் சொன்னது அவ்வளவுதான். "பார்க்கலாமுங்க தம்பி." அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு வருடம் தாண்டிவிட்டது. இன்னமும் ராஜ வீதிப் பக்கம் போனால், அதை அவர் எந்தக் குரலில் சொன்னார் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி கேட்கிறது.

கோயம்புத்தூர் டவுனுக்குள் ஆபீஸ்களைக் கொண்டுவருவதுதான் என் வேலை. டவுன்ஹால், ஒப்பணக்காரர் வீதி, ராஜ வீதி, பெரிய கடை வீதி என்று பழைய ஊருக்குள் கட்டடம் வைத்திருக்கும் சிலர் சேர்ந்து என்னை அமர்த்தியிருந்தார்கள். கீழே கடை நன்றாக ஓடும். மேலே ஏறினால் குடோன், அல்லது பூட்டு. ஐ.டி. கம்பெனிகள் சரவணம்பட்டிக்கும் கீரநத்தத்துக்கும் போனபோது மற்ற ஆபீஸ்களும் பின்னாலேயே போய்விட்டன. ஆடிட்டர்களும் வக்கீல்களும் மட்டும் கோர்ட்டும் கலெக்டர் ஆபீஸும் பக்கம் என்று இங்கேயே இருந்தார்கள். புதிதாகக் கம்பெனி ஆரம்பிக்கும் ஒருவருக்கு டவுன் என்றால் தீபாவளிக்குத் துணி எடுக்க வரும் இடம். ஆபீஸ் போடும் இடமாக அது தோன்றுவதே இல்லை.

எனக்கு இந்த வேலையில் உண்மையாகவே நம்பிக்கை உண்டு. இதைச் சொல்லாவிட்டால் மற்றதும் புரியாது. ஊரின் நடு காலியாகிக்கொண்டே போய், எல்லோரும் பத்து பதினைந்து கிலோமீட்டர் வெளியே ஓடி, அங்கே ஒரு டீக்கடைக்குக்கூட வண்டி எடுக்க வேண்டியிருக்கிறது. இங்கே ரயில்வே ஜங்ஷனும் உக்கடம் பஸ் ஸ்டாண்டும் நடக்கிற தூரம். மாநகராட்சி பிரதான அலுவலகம் டவுன்ஹாலிலேயே இருக்கிறது. ஒரு பில் புக் அடிக்க, ஒரு சீல் செய்ய, ஒரு பூட்டு மாற்ற, எதற்கும் ஐந்து நிமிட நடைக்குள் ஆள் இருப்பார். நான் அச்சடித்த கையேட்டின் முதல் பக்கத்தில் இதைத்தான் போட்டிருந்தேன்: 'எல்லாம் நடக்கிற தூரத்தில்.'

ஆபீஸுக்கு இடம் தேடி ஒரு மேடம் வந்தது 2025 தொடக்கத்தில். அவருடையது திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதி, ஜி.எஸ்.டி. ரிட்டன் போட்டுக் கொடுக்கிற நிறுவனம். முப்பது பேருக்கு மேல் வேலை, பெரும்பாலும் பெண்கள். கிணத்துக்கடவு, மதுக்கரை, வேலந்தாவளம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள். ஆபீஸ் சரவணம்பட்டியில். உக்கடத்தில் இறங்கி, காந்திபுரம் போய், அங்கே சத்தி ரோடு பஸ் பிடிக்க வேண்டும். 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு இல்லைதான். ஆனால் நேரம் போகிறதே. ஆத்துப்பாலம் வரை உக்கடம் மேம்பாலம் 2024 ஆகஸ்டில் திறந்த பிறகு பொள்ளாச்சி ரோட்டிலிருந்தும் பாலக்காட்டு ரோட்டிலிருந்தும் உக்கடம் வருவது சுலபமாகிவிட்டது. "உக்கடத்தோட இறங்கி நடந்துட்டா போதுமுங்க, ரெண்டு பஸ் மிச்சம்" என்றேன். அதைக் கேட்டதும் அவர் முகம் மாறியதைக் கவனித்தேன்.

ராஜ வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் முதல் மாடி. இரண்டாயிரம் சதுர அடி, நல்ல உயரம், பழைய தேக்கு ஜன்னல். அவர் ஜன்னலைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. "ஓனருக்கு ஜி.எஸ்.டி. நம்பர் இருக்குங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். 2024 அக்டோபரிலிருந்து, ஜி.எஸ்.டி. பதிவு உள்ள கம்பெனி பதிவு இல்லாத கட்டடக்காரரிடம் கடையோ ஆபீஸோ வாடகைக்கு எடுத்தால், வாடகை மேல் வரும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யை வாடகைக்கு இருப்பவரே கட்ட வேண்டும். அது அவர் தொழில், தெரியாமல் இருக்குமா. எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன். கடைசியில் இறங்கும்போது படிக்கட்டில், கீழிருந்து மூட்டையோடு ஏறி வந்த ஒருவருக்கு வழிவிட அவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டியிருந்தது. வாசலுக்கு வந்ததும், "பார்க்கலாமுங்க" என்றார்.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது, வேண்டாம் என்கிறார். எங்கள் பக்கத்தில் முகத்துக்கு நேராக 'இல்லை' என்று யாரும் சொல்வதில்லை, அது மரியாதை இல்லை. எங்கள் வீட்டுக்கு யாராவது ஜாதகம் கொண்டுவந்தால் அப்பா வாங்கிப் பார்த்துவிட்டு, "பார்க்கலாமுங்க" என்பார். அவர்கள் காப்பி குடித்து வாசல் தாண்டுவதற்குள் அம்மா அந்தக் காகிதத்தை மடித்து அலமாரியில் போட்டிருப்பாள். கடன் கேட்டு வந்தாலும் அதே சொல். சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த எனக்கு அது எப்போது வேண்டாம் என்று அர்த்தம் என யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதனால்தான் விடவில்லை. மறுநாளே போன் செய்து, படிக்கட்டுதானே பிரச்சினை என்று கேட்டேன். ஆமாம் என்றார். மாசமான ஒரு பெண்ணும் கால் சரியில்லாத ஒரு பெண்ணும் அங்கே வேலை செய்கிறார்கள். லிஃப்ட் வேண்டும், வாசல் அகலமாக வேண்டும். நியாயமான கேள்வி.

லிஃப்ட்டுக்கு அந்தக் கட்டடத்தில் ஒரே இடம்தான். படிக்கட்டின் அடியை ஒட்டி, ஆறடிக்கு எட்டடி. அங்கேதான் தராசு ரிப்பேர் கடை இருந்தது.

அந்தப் பெரியவர் முப்பது வருடத்துக்கு மேலாக அங்கே. சுற்றியிருக்கும் நகைக்கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் தராசு பார்ப்பவர். எலக்ட்ரானிக் தராசுக்கு வருடா வருடம் அரசு முத்திரை போட வேண்டும். அதற்கு முன் சரிபார்த்துக் கொடுப்பது அவர் வேலை. வாடகை மிகக் குறைவு. எழுத்தில் எதுவும் இல்லை, கட்டடக்காரரின் அப்பாவோடு பேசிக்கொண்டதுதான். 2017-ல் வந்த வாடகைச் சட்டம் பழைய வாய்வார்த்தை வாடகைகளையும் ஒப்பந்தமாக எழுதச் சொன்னது. எழுதாமல் இருந்தால் காலி செய்யச் சொல்ல அதுவே ஒரு காரணம் ஆகும். கட்டடக்காரருக்கு அது தெரியும். எனக்கும் தெரியும். பெரியவருக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை.

நான் போனபோது அவர் ஒரு நகைத் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தார். மில்லிகிராம் வரை காட்டுகிற, நாலு பக்கமும் கண்ணாடி வைத்த பெட்டித் தராசு. எடைக்கல்லைக் கையால் தொட மாட்டார், சாமணத்தால் எடுத்து வைப்பார். வைக்கும் முன் ஃபேனை நிறுத்துவார். காற்று பட்டால் கடைசி எண் நிற்காது. தன் மூச்சையும் அடக்கிக்கொள்வார். சின்னப் பையன் மாதிரி உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு அந்த எண் நிற்பதற்காகக் காத்திருப்பார்.

அந்த நேரத்தில்தான் கேட்டேன். "ஏனுங்கண்ணா, மேல ஒரு ஆபீஸ் வருது, லிஃப்ட் போடணுமாம். இந்த இடத்தைக் கொஞ்சம் மாத்திக் கொடுத்தா எல்லாருக்கும் நல்லதுங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "பார்க்கலாமுங்க தம்பி" என்றார். எண் நின்றது. ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார். பிறகு ஃபேனைப் போட்டு, டீ சொல்லட்டுமா என்று கேட்டார்.

அது எனக்குச் சொன்ன பதிலா? தராசு நிற்கட்டும், அப்புறம் பேசலாம் என்று சொன்னதா? டீ வந்தது, குடித்தேன், வேறு பேசினோம். கோனியம்மன் தேருக்கு இந்த வருடம் எப்படிக் கூட்டம் என்று பேசினோம். திரும்ப அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. நான் எடுக்காததற்குக் காரணம் எனக்குத் தெரியும். எடுத்திருந்தால் பதில் மாறியிருக்கும்.

அன்று சாயந்திரம் கட்டடக்காரரிடம், "பேசிட்டேங்க, ஒண்ணும் மறுப்புச் சொல்லலை" என்றேன். பொய் இல்லை. அதே வாரத்தில் அதே சொல்லை ஒருவர் சொன்னபோது 'வேண்டாம்' என்று கேட்ட காது, இன்னொருவர் சொன்னபோது 'சரி' என்று கேட்டிருக்கிறது. மேடத்தின் 'வேண்டாம்' எனக்கு வேலை கொடுத்தது, அதனால் கேட்டது. பெரியவரின் 'வேண்டாம்' என் வேலையைக் கெடுத்திருக்கும்.

இப்படி எழுதும்போது என்னை நானே ரொம்பவும் குற்றம் சொல்கிறேனோ என்றும் தோன்றுகிறது. நான் கேட்காவிட்டாலும் கட்டடக்காரர் சட்டப்படிக் காலி செய்யச் சொல்லியிருக்கலாம். அப்படி நடந்திருந்தால் நோட்டீஸ், வக்கீல், மனக்கசப்பு. கட்டடக்காரரிடம் பேசி ஒரு தொகை வாங்கிக் கொடுத்தது நான்தான். ஒரே நாளில் சாமானை ஏற்றிக்கொண்டு தெலுங்குபாளையத்தில் தன் வீட்டுத் திண்ணைக்கு மாறிவிட்டார். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. மேலே இப்போது முப்பது பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள். சாயந்திரம் ஆறு மணிக்கு அந்தப் பெண்கள் சேர்ந்து பேசிக்கொண்டே உக்கடம் நோக்கி நடப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஒரு பெண் என்னிடம், இப்போது வீட்டுக்குப் போய்ப் பிள்ளைக்குச் சோறு ஊட்ட நேரம் இருக்கிறது என்றாள். அதை எந்தக் கணக்கில் கழிப்பது? முப்பது பேர் ஒரு பக்கம், ஒருவர் ஒரு பக்கம் என்று வைத்தால் முடிவு தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் பட்டறைக்காரர்கள் சிலர் என்னைப் பார்த்தால், "தராசுக்காரர் எங்கீங்க போனாரு, இப்ப ஒவ்வொண்ணுக்கும் வண்டி எடுத்துட்டு ஓட வேண்டியிருக்குது" என்கிறார்கள். எல்லாம் நடக்கிற தூரத்தில் என்று எழுதியவன் நான்.

ஆறு மாதம் கழித்து தெலுங்குபாளையம் போனேன். ஏன் போனேன் என்றால் கேட்கத்தான். அன்றைக்கு நீங்கள் சம்மதித்துத்தான் சொன்னீர்களா என்று. வண்டியில் போகும்போது நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அவர் திண்ணையில் பெட்டித் தராசு இல்லை, காய்கறிக் கடைத் தராசு ஒன்றுதான் திறந்து கிடந்தது. நகைக்கடைகள் இவ்வளவு தூரம் கொடுத்தனுப்புவதில்லையாம். என் கேள்வியைக் கேட்டேன். "அதெல்லாம் எதுக்குங்க தம்பி இப்ப" என்று சிரித்துவிட்டு, உள்ளே பார்த்து மோர் கொண்டுவரச் சொன்னார். பிறகு அவரே கேட்டார்: "டவுனுக்குள்ள உங்களுக்கு எல்லாரையும் தெரியுமே. நமக்கு அஞ்சடி ஏழடி இருந்தாப் போதும். எங்காச்சும் இருந்தாச் சொல்லுங்களேன்."

வந்து என் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். காலி இடங்கள் பக்கம் பக்கமாக இருந்தன. இருநூறு சதுர அடிக்குக் கீழே ஒன்றுகூட இல்லை. டவுனில் அப்படி இடமே இல்லாமல் இல்லை. படிக்கட்டு அடி, இரண்டு கடைக்கு நடுவே விட்ட சந்து, ஒரு ஷட்டரில் பாதி, எத்தனையோ உண்டு. அவற்றை ஒருநாளும் நான் எழுதியதில்லை. சாவி ரிப்பேர், சீல் செய்கிறவர், தராசு பார்ப்பவர் எல்லாம் அப்படிப்பட்ட இடங்களில்தான் இருக்கிறார்கள், அவர்களை நம்பித்தான் என் முதல் பக்கமே இருக்கிறது.

இரண்டு மாதம் அலைந்து கருப்பக்கவுண்டர் வீதிப் பக்கம் ஒன்று கண்டுபிடித்தேன். ஐந்துக்கு ஆறரை. வாடகை அவர் கொடுத்ததைப் போல நாலு மடங்கு, பேசிக் கொஞ்சம் குறைத்தேன். ஒப்பந்தம் எழுதித் தருவதாகக் கட்டடக்காரர் ஒத்துக்கொண்டார். பெரியவரைக் கூட்டிப் போனேன். பையிலிருந்து ஒரு சின்னத் தராசை எடுத்துத் திட்டின் மேல் வைத்து, மட்டம் பார்த்து, சாமணத்தால் ஒரு எடைக்கல்லை வைத்தார். பேசாமல் நின்றோம். வெளியே ஒரு மினி லாரி போனது. கடைசி எண் ஆடியது, நின்றது, மறுபடி ஆடியது. திட்டைக் கையால் தடவிப் பார்த்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். தராசைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு, "பார்க்கலாமுங்க தம்பி" என்றார்.

இந்தத் தடவை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியும் தெரியவில்லை. ஏன் யோசிக்கிறீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். வாடகைதான் காரணம் என்றால் அவர் அதை என்னிடம் சொல்ல வேண்டி வரும். அந்தச் சங்கடத்தை அவருக்குக் கொடுக்க மனசு வரவில்லை. உக்கடம் வரை கூட நடந்து பஸ் ஏற்றிவிட்டேன்.

இரவு அந்தக் கட்டடக்காரர் போன் செய்தார். என்ன சொன்னார் உங்கள் ஆள் என்று கேட்டார். பார்க்கலாமுங்கன்னு சொன்னாருங்க என்றேன்.

"அப்ப வர்றாருங்களா, இல்லீங்களா?" என்றார்.