வைஃபை பெட்டிமேல் முளைத்த பரங்கி

பொங்கலுக்குத் தேக்கா சந்தையில் வாங்கிய பரங்கிக்கீற்று கூட்டுக்குப் போய்விட்டது. விதையைக் குப்பையில் போட மட்டும் மனம் வரவில்லை. ஊரில் பாட்டி பரங்கி விதையைச் சாணியில் பதித்துச் சுவரில் ஒட்டிவைப்பார். சிங்கப்பூரில், யீஷூனில் ஒன்பதாம் மாடியில் சாணிக்கு எங்கே போவது? வடிகட்டியில் போட்டு நார் போக அலசி, தட்டில் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே நான்கு நாள் காயவைத்தேன். (காகிதத்தில் காயவைத்தால் ஒட்டிக்கொள்ளும், பிய்த்தெடுக்கவே அரை நாள் ஆகும்.) விரலால் அழுத்திப் பார்த்துச் சப்பைகளைக் கழித்ததில் 32 தேறின.

முதல் பத்தை நானே கொன்றேன். இரவு ஊறவைத்தவள், வேலை அலைச்சலில் இரண்டு நாள் மறந்துபோனேன். பிறகு சொட்டச் சொட்ட நனைந்த பஞ்சில் வைத்து, டப்பாவை இறுக மூடிப் படுக்கையறை அலமாரியில் வைத்தேன். வெளியே விடாத மழை, உள்ளே இரவெல்லாம் ஏர்கான். ஆறாம் நாள் திறந்தால் புளித்த மாவு நாற்றம். விதையை அழுத்தினேன், கூழாகப் பிதுங்கியது. விதையும் மூச்சு விடும். தண்ணீரிலேயே கிடந்தால் காற்றில்லாமல் அழுகிவிடும் என்பது அந்த நாற்றத்தில்தான் எனக்கு உறைத்தது.

பரங்கி முளைக்க 30 டிகிரியை ஒட்டிய சூடு பிடிக்கும். குளிர்நாட்டுக் காணொளிகளில் இதற்கென்றே மின்சார விரிப்பு வாங்கச் சொல்கிறார்கள். நமக்கு அது வீண்செலவு. ஏர்கான் போடாத அறை போதும். அடுத்த எட்டு விதைகளை ஆறு மணி நேரம் மட்டும் ஊறவைத்தேன். சமையலறைக் காகிதத்தை நனைத்து, இனி ஒரு சொட்டும் விழாது என்னும் அளவுக்குப் பிழிந்து, அதில் சுற்றி டப்பாவில் வைத்தேன். மூடியைச் சாய்த்து விட்டேன். வரவேற்பறையில் வைஃபை பெட்டியின் தலை எப்போதும் இளஞ்சூடாக இருக்கும், அங்கே ஏற்றிவிட்டேன். மூன்றாம் நாள் காலை ஐந்து விதைகளின் கூர்முனை பிளந்து வெள்ளையாக வேர் எட்டிப் பார்த்தது, அரிசி நீளத்துக்கு. மறுநாள் ஏழு. எட்டாவது கடைசிவரை அசையவில்லை.

வேர் விரல்நகம் அளவு வந்ததும் மண்ணுக்கு மாற்றிவிடுவது நல்லது. நீளவிட்டால் காகிதத்துக்குள் புகுந்து, எடுக்கும்போது ஒடிந்துவிடும். டாய்லெட் ரோல் அட்டையில் நடலாம் என்று படித்து இரண்டை அப்படி நட்டேன். நம்மூர் ஈரத்தில் மூன்றே நாளில் அட்டை முழுக்கச் சாம்பல் பூஞ்சை. பொட்டலச் சாப்பாட்டோடு வரும் பிளாஸ்டிக் கப்தான் சரிப்பட்டது. அடியில் நான்கு ஓட்டை, தேங்காய்நார்த் தூள் கலந்த மண், இரண்டு சென்டிமீட்டர் ஆழம், விதை படுத்த வாக்கில்.

ஏன் படுக்கவைக்க வேண்டும் என்பதற்குப் பின்னால் ஒரு வேடிக்கை இருக்கிறது. பரங்கி, வெள்ளரிக் குடும்பத்து முளைகளுக்குத் தண்டும் வேரும் சேருமிடத்தில் ஒரு குட்டி முளைக்குச்சி உண்டு. அது கீழ்ப்பக்கமாகத்தான் வளரும். வளர்ந்து விதைத்தோலை மிதித்துப் பிடித்துக்கொள்ளும், இலை சட்டையைக் கழற்றுவதுபோல வெளியே வந்துவிடும். 1998இல் டிஸ்கவரி விண்ணோடத்தில் வெள்ளரி விதைகளை முளைக்கவைத்தபோது, எடையற்ற நிலையில் குச்சி இரண்டு பக்கமும் வளர்ந்ததாம். என் கப் ஒன்றில் தோல் இலையிலேயே தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டது. நகத்தால் இழுத்தேன், பாதி இலை கையோடு வந்தது. அடுத்ததற்கும் அதே தொப்பி. இந்தமுறை தண்ணீர் தெளித்து இரண்டு மணி நேரம் பொறுத்தேன். தொட்டதும் வழுக்கி விழுந்தது.

முளைக்கவைப்பதைவிட அதற்குப் பின்னால்தான் தலைவலி. சமையலறைச் சன்னல் வெளிச்சம் போதும் என்று நினைத்தேன். இரண்டே நாளில் எல்லாம் வெளிறிப்போய் ஒரு சாண் உயரம், காற்றடித்தால் சாயும் நிலை. அவசரமாக வாசலுக்கு வெளியே பொதுத் தாழ்வாரத்துக்கு மாற்றினேன். கிழக்குப் பக்கம், பத்து மணிவரை வெயில். ஆள் போக 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பதால் கப்புகளைச் சுவரோரம் வரிசையாக அடுக்கினேன். வெளிறிய தண்டைச் சுற்றி விதையிலைக்குக் கீழ்வரை மண் அணைத்ததும் நிமிர்ந்து நின்றன. ஒன்றுக்கு மட்டும் மண்ணோடு ஒட்டிய இடம் நூலாக மெலிந்து, மறுநாள் படுத்துவிட்டது. மேல்மண் காயாமலே தினமும் தண்ணீர் ஊற்றியது நான்தான். அன்றிலிருந்து கப்பைத் தூக்கிப் பார்ப்பேன். இலேசாக இருந்தால்தான் தண்ணீர். அடியில் வைத்திருந்த தட்டையும் எடுத்துவிட்டேன். தேங்கிய தண்ணீரில் டெங்கிக் கொசு ஒரே வாரத்தில் பறக்கத் தயாராகிவிடும்.

பரங்கி வேருக்கு அசைத்தால் ஆகாது. அதனால் மூன்றாவது இலை வருமுன் கப்பைக் கத்தரித்து, மண்கட்டி உடையாமல் பெரிய தொட்டியில் இறக்கினேன். தேறிய நான்கில் ஒன்றைத்தான் வைத்துக்கொண்டேன். கொடி ஓடுகிற ஓட்டத்துக்குத் தாழ்வாரம் தாங்காது. மற்ற மூன்றும் புளோக்குக்குக் கீழே இருக்கும் சமூகத் தோட்டத்துக்குப் போயின.

பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அத்தை) தினமும் நின்று பார்ப்பார். “லாபுவா?” என்று மலாயில் பரங்கியைச் சொல்லிக் கேட்டவர், காய்க்குக் காத்திருக்காதே, கொழுந்தைக் கிள்ளித் தேங்காய்ப்பாலில் போடு என்றார். போன வாரம் இரண்டு நுனி கிள்ளிக் கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்துப் பார்த்துச் சிரித்தார்: வெந்தால் ஒரு வாய்கூட வராதாம். நேற்றிரவு இன்னும் ஆறு விதையைக் காகிதத்தில் சுற்றி வைஃபை பெட்டிமேல் வைத்திருக்கிறேன்.