லிமாவில் நேரம் பார்த்துச் சாப்பிட வேண்டும்: அக்டோபர் நாட்குறிப்பு

அக்டோபர் 15, 2024, செவ்வாய்

பெருவின் தலைநகரில் மேகம் விலகத் தொடங்கும் மாதம் இது. கரையோரம் ஓடும் ஹம்போல்ட் குளிர் நீரோட்டத்தால் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை லிமாவின் வானம் சாம்பலாகவே இருக்கும். மழை என்று சொல்லும்படி ஒன்றும் பெய்யாது; கரூவா என்கிற பொடித்தூறல்தான். இந்த வாரமும் வெயில் மதியத்துக்கு மேல்தான் எட்டிப்பார்க்கிறது. குடை தேவையில்லை. ஆனால் ஈரக்காற்று எலும்புவரை இறங்கும், மெல்லிய ஜாக்கெட் ஒன்று கையில் இருக்கட்டும்.

இந்த ஊரில் எந்தக் கடைக்குப் போவது என்பதைவிட எத்தனை மணிக்குப் போவது என்பது முக்கியம். பச்சை மீன் மதியத்துக்கு உரியது. கரி அடுப்பு இருட்டியபின் எரியும். பாட்டும் ஆட்டமும் இரவு பத்துக்கு மேல். இந்த ஒழுங்கு தெரியாமல் இரவு எட்டு மணிக்கு செவீச்சே (எலுமிச்சையில் புரட்டிய பச்சை மீன்) தேடி அலைபவர்களை மிராஃப்ளோரெஸ் பகுதியின் தெருக்களில் தினமும் பார்க்கலாம். அவர்களுக்குக் கிடைப்பது பயணிகளுக்காகத் திறந்து வைத்திருக்கும் கடையும், காலையில் வெட்டிய மீனும்தான்.

விடிகாலையில் தெருமுனைத் தள்ளுவண்டிகளில் எமோலியெந்தே கிடைக்கும். வறுத்த பார்லி, ஆளி விதை, சில மூலிகைகள் சேர்த்துக் கொதிக்கவைத்து, எலுமிச்சை பிழிந்து தரும் சூடான பானம். ஆளி விதையால் கொழகொழப்பாக இருக்கும். பிடிக்காதவர்கள் அதைக் குறைவாக ஊற்றச் சொல்லலாம். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கக்கூடாத ஊரில், கொதித்து வரும் இந்தப் பானத்தை நம்பிக் குடிக்கலாம்.

அக்டோபர் 16, புதன்

சுர்கியோ முதலாம் எண் சந்தை. மிராஃப்ளோரெஸிலிருந்து விரைவுச் சாலை மேம்பாலத்தைக் கடந்தால் நடந்தே போய்விடலாம். காலை எட்டிலிருந்து பத்துக்குள் போவது நல்லது. லூக்குமா, சிரிமோயா, கிரனதீயா என்று பழக்கடைகளே ஒரு மணி நேரத்தை விழுங்கும். லூக்குமாவை அப்படியே கடித்தால் மாவாக இருக்கும், ஏமாற்றமே மிஞ்சும். அதன் அருமை ஐஸ்கிரீமில்தான் தெரியும்.

மீன் பகுதியில் கேட்க வேண்டியது ஒன்றே: இன்று எது வந்தது? கொர்வினாவும் லெங்குவாதோவும் விலை உயர்ந்தவை. கொஹினோவாவும் பொனீத்தோவும் சாதாரண வீட்டுச் சமையலுக்கு. கண் தெளிவாக, செவுள் சிவப்பாக, அழுத்தினால் சதை எழும்பி வருவதாகப் பார்த்து எடுக்க வேண்டும். இதில் நமக்குப் புதிதாகக் கற்க எதுவும் இல்லை.

செவீச்சே செய்முறை எளிது, கெடுவதும் எளிது. நான்கு பேருக்கு எலும்பும் தோலும் நீக்கிய மீன் 800 கிராம், சின்ன எலுமிச்சை 15 முதல் 20, பெரிய சிவப்பு வெங்காயம் ஒன்று, அஹி லீமோ மிளகாய் ஒன்றோ இரண்டோ, கொத்தமல்லி, உப்பு. மீனை 2 செ.மீ. துண்டுகளாக வெட்டி, பாத்திரத்தையும் சேர்த்துக் குளிரவைக்க வேண்டும். வெங்காயத்தை நீளவாக்கில் மெல்லியதாக அரிந்து ஐஸ் தண்ணீரில் அலசினால் காரநெடி போய் மொறுமொறுப்பு நிற்கும். மீனில் முதலில் உப்பு. ஒரு நிமிடம் கழித்து விதை நீக்கி நறுக்கிய மிளகாய், கொத்தமல்லி. அதன் பிறகே எலுமிச்சை. இரண்டு மூன்று ஐஸ் கட்டிகளைப் போட்டுப் புரட்டி, அவை கரையுமுன் எடுத்துவிட வேண்டும். இரண்டிலிருந்து ஐந்து நிமிடத்தில் தட்டுக்கு வந்துவிட வேண்டும்.

பெரும்பாலான தவறு எலுமிச்சையில்தான் நடக்கிறது. கடைசிச் சொட்டுவரை நசுக்கினால் தோலின் கசப்பு இறங்கி முழுப் பாத்திரத்தையும் பாழாக்கும். பாதி பிழிந்ததும் தூக்கிப் போட்டுவிடுங்கள். 20 பழம் சொல்வது அதற்காகத்தான். மீனை அரைமணி ஊறவிட்டால் வெளிப்புறம் வெளுத்து ரப்பராகும். முன்பெல்லாம் இங்கேயும் மணிக்கணக்கில் ஊறவைத்தார்கள். 1899-இல் வந்திறங்கிய ஜப்பானியக் குடியேறிகளின் வழிவந்த சமையல்காரர்கள்தான், நல்ல மீனை அவ்வளவு நேரம் புளிப்பில் வைக்கத் தேவையில்லை என்று காட்டினார்கள். அவர்களின் கைவண்ணத்தைத் திராதீத்தோவில் பார்க்கலாம்: மெல்லிய சீவலாக வெட்டிய மீன், மேலே சாறு, வெங்காயம் கிடையாது.

ஓர் எச்சரிக்கை. எலுமிச்சை மீனின் நிறத்தையும் இறுக்கத்தையும் மாற்றும், கிருமிகள் எல்லாவற்றையும் கொல்லாது. 1991-இல் பெருவின் கடற்கரையில் காலரா பரவியதை இங்கே மூத்தவர்கள் மறக்கவில்லை. கூட்டம் நிறைந்த, தட்டுக்குத் தட்டு புதிதாக வெட்டும் கடையில், ஒரு மணிக்குள் உட்காருங்கள். நல்ல செவீச்சே கடைகள் மாலை நாலு, ஐந்துக்குள் கதவடைத்துவிடும். அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கும் பெரிய மணி மக்காச்சோளமும் தட்டின் ஓரத்தில் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. புளிப்பும் காரமும் ஏறும்போது கிழங்கில் ஒரு கடி கடிப்பதுதான் முறை. இந்தச் செய்முறையையும் அதைச் சுற்றிய வழக்கங்களையும் யுனெஸ்கோ 2023-இல் தன் பட்டியலில் சேர்த்தது.

அக்டோபர் 18, வெள்ளி

ஊதா மாதம் என்று இங்கே அழைக்கும் அக்டோபரின் பெருநாள். லாஸ் நசரேனாஸ் கோயிலிலிருந்து செஞோர் தெ லோஸ் மிலாக்ரோஸ் (அற்புதங்களின் ஆண்டவர்) ஊர்வலம் புறப்பட்டது. ஊதா அங்கி, சாம்பிராணிப் புகை, தோள் மாற்றித் தோள் சுமக்கும் குழுக்கள். 1651-இல் அங்கோலாவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்ட ஒருவர் பச்சகமீயா பகுதியில் ஒரு மண்சுவரில் வரைந்த ஏசுவின் ஓவியத்தில்தான் இந்த வழிபாடு தொடங்கியது. 1655 நிலநடுக்கத்தில் சுற்றிலும் எல்லாம் விழ, அந்தச் சுவர் நின்றது.

பழைய நகரத்தில் பெரும்பகுதிக்கு இன்று வாகனம் நுழையாது. மெட்ரோபோலித்தானோ பேருந்தில் வரலாம். நெரிசலில் சில நிலையங்கள் மூடப்படுவதால் ஒன்றிரண்டு நிறுத்தம் முன்பே இறங்கி நடக்கத் தயாராக இருங்கள். அந்தப் பேருந்துக்குக் காசு செல்லாது, நிலைய இயந்திரத்தில் அட்டை வாங்கிப் பணம் ஏற்ற வேண்டும். ஓர் அட்டையைப் பலர் தேய்த்துக்கொள்ளலாம். பையை முன்பக்கம் மாட்டுங்கள், கைப்பேசி உள்ளே இருக்கட்டும்.

இந்த மாதத்தின் இனிப்பு துர்ரோன் தெ தோஞா பெப்பா. பெருஞ்சீரக மணமுள்ள மாவுக் குச்சிகளை அடுக்கி, இடையிடையே வெல்லப் பாகு ஊற்றி, மேலே வண்ண மிட்டாய் தூவுவார்கள். பாகில் ஆரஞ்சுத் தோல், கிராம்பு, பட்டை வெந்திருக்கும். பதம் இளகினால் குச்சி ஊறிக் கூழாகும், முற்றினால் வெட்டும்போது நொறுங்கும். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் மெத்தென்ற உருண்டையாகத் திரள வேண்டும். நம் வீட்டு உருண்டைப் பாகு பிடிப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதே இல்லை.

கால் வலித்தால் அரசு மாளிகைக்குப் பக்கத்தில் 1905 முதல் நடக்கும் பார் கொர்தானோவில் உட்காரலாம்.

அக்டோபர் 19, சனி

இரவுக்கு, லிமாவின் பர்ராங்கோ பகுதி. பால்தா அல்லது பூலெவார் நிலையத்தில் இறங்கினால் சதுக்கம் பக்கம்தான். வெளிச்சம் இருக்கும்போதே வந்து 1876-இல் கட்டிய பெருமூச்சுப் பாலத்தையும் கடலுக்கு இறங்கும் பாதையையும் பார்த்துவிடுங்கள். ஆறு மணிக்கெல்லாம் இருட்டுகிறது.

ஆறரை, ஏழுக்கு அந்திகூச்சோ அடுப்புகள் பற்றும். இது குச்சியில் கோத்துச் சுடும் மாட்டு இதயம், தெரிந்தே சாப்பிடுங்கள். கொழுப்பும் சவ்வும் நீக்கி, கட்டைவிரல் நீளத்துக்கு மெல்லியதாக வெட்டி, அஹி பங்கா மிளகாய் விழுது, வினிகர், பூண்டு, சீரகம், உப்பு சேர்த்து நாலு மணி நேரமாவது ஊறவைப்பார்கள். கனன்ற கரியில் பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். அதற்கு மேல் விட்டால் மெல்ல முடியாது. மக்காச்சோள மட்டையைக் கிழித்துச் செய்த தூரிகையால் எண்ணெயும் மசாலாவும் தடவும்போது தீ எழும்பும். அந்தக் கருகல்தான் மணம். அடுப்பு புகைமட்டும் விட்டு மந்தமாக இருந்தால் அடுத்த வண்டிக்கு நகர்ந்துவிடலாம். முடிவில் பிக்காரோனெஸ்: பூசணியும் சர்க்கரைவள்ளியும் கலந்து புளிக்கவைத்த மாவை மெதுவடை போலத் துளையிட்டு எண்ணெயில் போட்டு, வெல்லப் பாகு ஊற்றித் தருவது. இறக்கிய சூட்டில் சாப்பிடாவிட்டால் சவுக் சவுக்கென்று ஆகிவிடும்.

பிஸ்கோ சவர் என்கிற மதுக்கலவைக்கு 3:1:1 என்பது அளவு. கெப்ராந்தா திராட்சையில் வடித்த பிஸ்கோ மூன்று பங்கு, எலுமிச்சை ஒன்று, சர்க்கரைப் பாகு ஒன்று, ஒரு முட்டையின் வெள்ளைக்கருவில் பாதி. ஐஸோடு வேகமாகக் குலுக்கி வடிகட்ட வேண்டும். மிக்சியில் அடித்தால் ஐஸ் நொறுங்கி நீர்த்துப்போகும். நுரைமேல் இரண்டு மூன்று சொட்டு கசப்புச்சாறு. முட்டை வாடையை அது அடக்குகிறது. இனிப்பு மறைப்பதால் இரண்டாவது கோப்பை சுலபமாக இறங்கும், மூன்றாவதுக்கு முன் எழுந்துவிடுவது உடலுக்கு நல்லது. முட்டை வேண்டாதவர்களுக்குச் சில்கானோ: பிஸ்கோ, எலுமிச்சை, இஞ்சி சோடா.

அக்டோபர் 20, ஞாயிறு

ஞாயிறு காலை என்றால் பான் கொன் சிச்சர்ரோன். பன்றி இறைச்சியை வேகவைத்து, நீர் வற்றியபின் அதன் கொழுப்பிலேயே பொரித்து, வறுத்த சர்க்கரைவள்ளிச் சீவலும் எலுமிச்சை பிழிந்த வெங்காயமும் வைத்த ரொட்டி. லுரீன் பகுதி இதற்குப் பேர்போனது. நகரத்திலிருந்து சுமார் 30 கி.மீ. தெற்கே உள்ள பச்சகாமக் என்கிற பழங்காலக் கோயில் நகரத்தின் இடிபாடுகளும் அதே வழியில் என்பதால் இரண்டையும் ஒரே காலையில் முடிக்கலாம்.

இடிபாடுகளை ஒன்பதுக்குத் திறப்பார்கள், திங்கள் விடுமுறை. முதலில் அருங்காட்சியகம், அங்கே இருமுகம் செதுக்கிய மரச்சிலையை நிதானமாகப் பாருங்கள். பிறகு மணல் பாதையில் சூரியக் கோயில்வரை. நிழல் அறவே இல்லை. மேகமூட்டத்திலும் தோல் கருகும். நடக்க மனமில்லாதவர்கள் வண்டியிலேயே சுற்றலாம். சின்ன வேனில் வருபவர்கள் நடத்துநரிடம் இடிபாடு என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். ஊர்ப்பெயரை மட்டும் சொன்னால் வாசலைத் தாண்டி பச்சகாமக் ஊரில் இறக்கிவிடுவார். திரும்ப வண்டி பிடிப்பது சிரமம், வரும் டாக்சியையே காத்திருக்கப் பேசிக்கொள்வது மேல். இங்கே டாக்சியில் மீட்டர் கிடையாது, ஏறுமுன் தொகை பேச வேண்டும்.

பச்சகாமக் நிலத்தை அசைக்கும் தெய்வம். 1533-இல் ஸ்பானியப் படைத்தலைவர் எர்னாந்தோ பிசாரோ வந்து சிலையை உடைக்கும்வரை தொலைதூரத்திலிருந்தும் குறி கேட்க வந்தார்கள். இங்கிருந்து லிமாவில் குடியேறியவர்களால்தான் பச்சகமீயா என்று அந்தப் பகுதிக்குப் பெயர் வந்தது. நிலநடுக்கத்தில் விழாத சுவரும் அங்கேதான் நின்றது. வெள்ளிக்கிழமை ஊர்வலத்தைப் பார்த்தவர்கள் இந்த மேட்டில் ஏறி நின்றால் இரண்டும் தனித்தனி வழிபாடு என்று நினைக்கமாட்டார்கள்.

அக்டோபர் 22, செவ்வாய்

சைவர்களுக்குச் சில வரிகள். கார்னே (இறைச்சி) வேண்டாம் என்று மட்டும் சொன்னால் கோழி வரும், அந்தச் சொல் பேச்சில் மாட்டிறைச்சியைக் குறிப்பதால். கோழி, மீன், பன்றி எல்லாவற்றையும் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். அவகாடோ வைத்த கௌசா என்கிற உருளைக்கிழங்கு மசியல், பாலாடைக்கட்டிச் சாறு ஊற்றிய உருளைக்கிழங்கு, பீன்ஸும் சோறும் பிசைந்து வறுத்த தாக்கு தாக்கு (பன்றிக் கொழுப்பில் வறுத்ததா என்று கேளுங்கள்) ஆகியவை எங்கும் கிடைக்கும். கபோன் தெருவின் சீனக் கடைகளில் முட்டை மட்டும் போட்டு வறுத்த சௌஃபா சோறு கேட்டால் செய்து தருவார்கள்.

அக்டோபர் 26, சனி

வடக்கே செல்லும் நெடுஞ்சாலையில் 105-ஆவது கி.மீ., லச்சாய் மூடுபனிக் குன்றுகள். பாலைவனத்தின் நடுவே பனியை மட்டுமே குடித்து வளரும் பச்சை. ஆகஸ்டிலிருந்து இந்த மாதம்வரைதான். டிசம்பரில் வந்தால் காய்ந்த குன்றுதான் இருக்கும். உவாச்சோ பேருந்தில் ஏறிப் பிரிவுச் சாலையில் இறங்கினால் நுழைவுக்கு மூன்று கி.மீ. அளவு ஏற்றம். வழியில் கடை இல்லை, தண்ணீரும் சாப்பாடும் கையோடு. காலை பனியில் செடியெல்லாம் சொட்டும், செருப்பு வழுக்கும். மூன்று மணிக்குள் நெடுஞ்சாலைக்கு இறங்கிவிட வேண்டும். இருட்டில் கைகாட்டினால் பேருந்து நிற்காது. பசியிருந்தால் உவாச்சோவரை போய், அன்னாட்டோ விதையால் சிவந்த அவ்வூர்த் தொத்திறைச்சியை முட்டையோடு வதக்கி ரொட்டியில் வைத்துச் சாப்பிட்டுவிட்டு, அங்கிருந்தே லிமா பேருந்தில் இருக்கை பிடிக்கலாம். திரும்புவதற்கு அதுவே எளிய வழி.

அக்டோபர் 31, வியாழன்

கிரியோயா என்கிற பெருவின் கரையோரப் பாடல்களுக்கான நாள், 1944 முதல். நாளை விடுமுறை என்பதால் பர்ராங்கோவின் பேஞாக்கள் (பாட்டும் ஆட்டமும் நடக்கும் விடுதிகள்) எல்லாம் நிறையும்; வேறு வாரத்தில் ஒரு நாள் முன்பு சொன்னால் போதும், இன்றைக்கு ஒரு வாரம் முன்பே மேசை பதிய வேண்டும். நுழைவுக் கட்டணத்தில் என்னென்ன அடங்கும் என்று பதியும்போதே கேளுங்கள். பட்டியல் விலையில் வரி அடங்கியிருக்கும், சில இடங்களில் சேவைக்கென 10 சதவீதம் வரை தனியாக ஏறும்.

ஒன்பது மணிக்குப் போனால் காலி மேசைகள்தான். பத்தரைக்கு வால்ஸ் பாடல்களோடு தொடங்கி, கஹோன் பெட்டியின் தாளம் ஏற ஏற ஃபெஸ்தேஹோ என்கிற துள்ளல் ஆட்டத்துக்கு வந்து சேரும்போது நள்ளிரவாகியிருக்கும். மேடைக்கு அருகில் உட்காருங்கள்: கஹோன் வாசிப்பவர் பெட்டிமேல் உட்கார்ந்து, முன்பலகையின் நடுவில் அடித்தால் கனத்த ஒலி, மேல் விளிம்பில் தட்டினால் கூர்ந்த ஒலி எழுப்புவது கண்ணுக்கே தெரியும். அடிமைகளாக வந்த ஆப்பிரிக்கர்களின் வாரிசுகள் இந்த நாட்டுக்குக் கொடுத்த கருவி அது. அடுப்பங்கரையில் அந்திகூச்சோவையும் அவர்கள் கைதான் வளர்த்தது. ஆட அழைத்தால் எழுந்துவிடுங்கள், அடி தெரியாததை யாரும் பொருட்படுத்துவதில்லை.

பேஞா முடியும்போது மெட்ரோபோலித்தானோ ஓடாது. செயலியில் வண்டி அழைத்து, அது வாசலுக்கு வரும்வரை உள்ளேயே நில்லுங்கள். எண்பலகையைச் சரிபார்த்தபின் ஏறுங்கள். இரண்டு மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் அழைப்பதால் கட்டணம் உயரும். கால்மணி முன்னதாகவோ அரைமணி பின்னதாகவோ கிளம்பினால் குறையும்.